ட்ரிக்கர் ஊசியை முன்னதாகவே போட்டுக்கொள்ளலாமா?

வாசகியின் கேள்வி: ஐ.வி.எஃப். எனும் சோதனைக் குழாய் குழந்தைக்கான சிகிச்சையில் இருக்கிறேன். முட்டையைக் கடைசியாக முதிரவைக்கும் ட்ரிக்கர் ஊசியை இரவு 10.30 மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஊசி போட வரும் செவிலியரோ 9 மணிக்கு மேல் இயலாது என்கிறார். முன்னதாகப் போடலாமா? எங்களை அழைத்து வந்த ஏஜென்ட், ‘தேதியை நான் பேசி முடித்துவிட்டேன், நேரம் பெரிய விஷயமில்லை’ என்கிறார்.

பதில்: மருத்துவமனையைக் கேட்காமல் போட்டுக்கொள்ளாதீர்கள். நாளை மறுநாள் காலை 10 மணிக்கு முட்டை எடுப்பதாக இருந்தால், அதிலிருந்து 35½ மணி நேரம் பின்னோக்கி எண்ணிக் குறித்த நேரம்தான் இன்றிரவு 10.30. ஊசி ஏறிய பிறகு முட்டை முழுமையாக முதிர்ந்து, அது வளரும் சிறு பையின் சுவரிலிருந்து இளகுவதற்கு ஏறத்தாழ 34 முதல் 36 மணி நேரம் தேவை. அதற்கு முன்பே உறிஞ்சினால் முதிராத முட்டை வரும்; மிகவும் தாமதித்தால் பை உடைந்து முட்டை தானாகவே வெளியேறிவிடும். நீங்கள் 9 மணிக்குப் போட்டால் இடைவெளி 37 மணி நேரமாகும். அன்று உங்களுக்கு முன்னால் இருப்பவரின் சிகிச்சை சற்று நீண்டுவிட்டால் பத்து நாள் ஊசி போட்ட பாடு வீணாகலாம்.

ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை உண்டு என்பதால்தான் அது ஆபத்து. முன்கூட்டியே கருத்தடை மாத்திரை கொடுத்து, சிகிச்சை தொடங்கும் நாளைத் தள்ளி வைக்க முடியும். பிள்ளை வேண்டுமென வந்தவருக்கு அந்த மாத்திரையா என்று பதறத் தேவையில்லை, அது முறையான மருத்துவமே. ஆனால் தொடங்கிய பின் ஃபாலிக்கிள் எனப்படும் முட்டைப்பை நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். இரண்டு மூன்று பைகளாவது 17, 18 மில்லிமீட்டரை எட்டியதை ஸ்கேனில் பார்த்த பிறகே ட்ரிக்கர் நாளைச் சொல்ல முடியும். ஆய்வகத்தில் முட்டையையும் கருவையும் கையாளும் கருவியல் நிபுணர் முழுநேரமாக இல்லாத சில இடங்களில், அவர் வரும் நாளுக்காக எல்லாரையும் ஒரே தேதிக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். எனவே கடைசி ஸ்கேன் அளவுகளை மருத்துவரிடமே கேட்டு வாங்குங்கள். ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்லும் தேதி எதற்கும் உதவாது.

இத்தனை முக்கியமான நேரத்தைத் துண்டுச் சீட்டில் கிறுக்கிக் கொடுத்து, இரவில் யாரும் எடுக்காத தொலைபேசி எண்ணையும் தந்தனுப்பும் வழக்கத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. பகலிலேயே அழையுங்கள். உங்களுடையது தோலுக்கடியில் போடும் ஊசியென்றால், மருந்துப் பொடியைக் கரைப்பது முதல் நீங்களோ கணவரோ செவிலியரிடம் பழகிக்கொள்ளலாம். ஐந்து பத்து நிமிடம் முன்பின்னானால் அஞ்ச வேண்டாம். ஒரு மணி நேரம் தவறிவிட்டால் மறைக்காமல் உண்மையான நேரத்தைச் சொல்லுங்கள். முட்டை எடுக்கும் நேரத்தை அவர்கள் அதற்கேற்ப மாற்ற முடியும்.