வாசகர் கேள்வி – பதில்: பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களுக்கு நடுவில் குழு எதற்கு?

கேள்வி: பணம் தருவது அரசு, காப்பகத்தை நடத்துவது நிறுவனம் என்றால், ஒருங்கிணைப்பதற்கென்று உள்ளூர்க் குழு ஒன்று எதற்கு?

பதில்: முதன்மையாக, கணக்கெடுப்பதற்கு. எந்தப் பகுதியில் எந்த வயதுக் குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இருக்கும் இடங்கள் எத்தனை என்பது தலைநகரில் இருப்பவர்களுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. காத்திருப்புப் பட்டியல்களைக் கூட்டிப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். ஆனால் ஒரே குழந்தையின் பெயரை நான்கு காப்பகங்களில் பதிந்துவைக்கும் பெற்றோர் உண்டு என்பதால், அந்தக் கூட்டலில் ஒரு குழந்தை நால்வராகிவிடும். பட்டியல்களை ஒப்பிட்டு இந்த இரட்டிப்பை நீக்குவது, வெளியே தெரியாத, ஆனால் பயன் மிகுந்த வேலை என்பேன். கைக்குழந்தைகளுக்கான இடங்கள் தனிக் கவனம் பெற வேண்டியவை: ஒரு பணியாளர் மிகச் சில கைக்குழந்தைகளையே கவனிக்க முடியும் என்பதால் செலவு கூடுகிறது, அதனால் அந்த இடங்களைத் திறக்கப் பலரும் தயங்குகிறார்கள்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கென மாவட்டம்தோறும் திட்டக் குழு உண்டு. தேவையைக் கணக்கிட்டு, எந்தப் பகுதிக்கு முன்னுரிமை என்று அது மாநில அரசுக்குத் தெரிவிக்கிறது.

கேள்வி: காப்பகம் நடத்துபவர்களே குழுவில் அமர்ந்தால், தங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்க மாட்டார்களா?

பதில்: நியாயமான ஐயம். ஆனால் அவர்களை முழுவதும் விலக்கினால், அன்றாட நடைமுறை அறிந்தவர் எவரும் குழுவில் இருக்க மாட்டார். கலிஃபோர்னியக் குழுக்களில் பெற்றோர், காப்பகத்தினர், அரசுத் துறையினர், பொதுமக்கள் பிரதிநிதிகள், நியமிப்பவர்கள் விருப்பப்படி தேர்ந்தவர்கள் என ஐந்து பிரிவினருக்கும் 20 விழுக்காடு வீதம் இடம் தரப்படுகிறது. ஜெர்மனியில் குழந்தைக் காப்பகங்களுக்கும் திட்டமிடும் இளையோர் நலக் குழுக்களில் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கும் மன்றம் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், இரண்டு பங்கு தொண்டு அமைப்புகள் முன்மொழிபவர்களுக்கும் உரியது. விகிதம் மட்டும் காவலாகிவிடாது. தம் நிறுவனம் பற்றிய பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் வாக்களிக்காமல் விலகுவதும் விதியாக இருக்க வேண்டும்.

கேள்வி: குழுவின் திட்டம் ஏட்டோடு நின்றுவிட்டால்?

பதில்: அது சட்டத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டம், வேலை செய்யும் பெற்றோருக்குப் போதிய காப்பக வசதி கிடைக்கச் செய்யும் கடமையை உள்ளாட்சிக்கு விதித்தாலும், நடைமுறையில் இயன்ற அளவுக்கு என்ற வரம்பையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஜெர்மனியிலோ, 2013 ஆகஸ்ட் 1 முதல் ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இடம் பெறுவது சட்ட உரிமை. இடம் கிடைக்காத பெற்றோர் நீதிமன்றம் செல்லலாம்.