பங்குனி வெயில் வந்தாச்சு: நாய், பூனை வளர்ப்போர் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடியில் கால்நடை மருத்துவம் பார்க்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் கிளினிக்குக்கு வரும் நோய்களே மாறிவிடும். வெயில் மயக்கம், உண்ணிக் காய்ச்சல், குட்டிகளுக்கு ரத்தபேதி. மூன்றையும் முன்கூட்டியே தடுக்க முடியும் என்பதால்தான் சுற்றுவட்டாரத்தில் வளர்ப்பவர்களிடம் கேள்விகளைக் கேட்டு வாங்கினேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மழைக்காலக் கேள்விகளும் சில இருந்தன. மழைக்கால நோய்க்கான தடுப்பூசியை ஐப்பசிக்கு முன்பே போட வேண்டும், ஆகவே அவையும் இங்கேயே.

சென்னையிலிருந்து, சொந்த ஊர் கானாடுகாத்தான்: ஊர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் காவலுக்கு ஒரு ராஜபாளையம் நாய் வைத்திருக்கிறார். பகலெல்லாம் முற்றத்துத் தூணில் கட்டியிருக்கும். போன சித்திரையில் ஒருநாள் மூச்சிரைத்து விழுந்துவிட்டது, எப்படியோ பிழைத்தது. இந்த வருசம் என்ன செய்யச் சொல்வது?

முதலில் சங்கிலியை முற்றத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். காலை 8 மணிக்கு நிழலில் இருக்கும் தூண் 11 மணிக்கு வெயிலில் நிற்கும். நிழல் நகர்ந்துவிடும், கட்டிப்போட்ட நாயால் நகர முடியாது. முற்றத்துக் கருங்கல் சூடேறினால் பொழுது சாய்ந்தும் ஆறாது. அதே வீட்டில் ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம் இருக்குமே, அங்கே பின்கட்டுக் கதவைத் திறந்து காற்று வரும்படி விடட்டும். தண்ணீருக்கு அலுமினியக் கிண்ணம் வேண்டாம், சங்கிலி பட்டுக் கவிழ்ந்தால் அன்று முழுக்கத் தண்ணீர் இருக்காது. கனமான தொட்டி இரண்டு, இரண்டு இடத்தில் வையுங்கள்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைப்பதுதான் அதற்குச் சூடு தணியும் வழி. சாதாரண உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. எச்சில் கெட்டியாகிக் கோழைபோல் வடிவது, ஈறும் நாக்கும் அடர் சிவப்பாவது, தள்ளாடுவது, வாந்தி எடுப்பது, இதில் எது தெரிந்தாலும் வண்டி தேடுவதற்கு முன்னால் தண்ணீரை எடுக்க வேண்டும். நிழலுக்கு இழுத்து, தலை முதல் வால் வரை குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியைப் போடச் சொல்லுங்கள். அடிவயிறும் தொடை இடுக்கும் நன்றாக நனையட்டும். ஈரச் சாக்கைப் போர்த்தி விட்டுவிடுவது நம் பக்கத்து வழக்கம். அது சூட்டை உள்ளேயே அடக்கிவிடும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீரை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தெர்மாமீட்டர் இருந்தால் 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்பலாம். எழுந்து வாலாட்டினாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பும் ரத்தம் உறைவதில் வரும் கோளாறும் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

ராஜபாளையத்துக்கு வெள்ளை முடி, ரோஸ் மூக்கு. மூக்கு நுனியும் காது ஓரமும் வெயிலில் வெந்து தோலுரியும், அதையும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி: எங்க லாப்ரடாருக்கு உண்ணி எடுத்து எடுத்து அலுத்துப்போச்சு டாக்டர். மருந்துக் குளியலும் போட்டாச்சு. பத்து நாளில் மறுபடி அப்பிக்கொள்கிறது. பழைய வளவு வீடு, நாயை வெளியே விடுவதே இல்லை. எங்கிருந்து வருகிறது?

வீட்டுக்குள்ளிருந்துதான் ஆச்சி. நாய்மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம், மிச்சமெல்லாம் சுவரில் இருக்கிறது. இது பழுப்பு நாய் உண்ணி. ரத்தம் குடித்து ஆமணக்கு விதை போல் உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கி ஏதாவது ஒரு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் சாகும். பொரிந்து வருவது நாய்மேல் ஏறிக் குடிக்கும், இறங்கித் தோலுரிக்கும், மறுபடி ஏறும். வளர்ந்து முடிவதற்குள் மூன்று தடவை இப்படி ஏறி இறங்குகிறது. நாய் கிடைக்காவிட்டால் மாதக்கணக்கில் பட்டினியாகவே காத்திருக்கும்.

இந்த உண்ணி சுவரில் மேல்நோக்கி ஏறும். அதனால் தரையைக் கழுவுவதால் மட்டும் பயனில்லை. ராத்திரி ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பட்டாலைத் தூணின் கீழே போய்ப் பாருங்கள், மரமும் அடிக்கல்லும் சேரும் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பிறகு நிலையின் மேல்சட்டம், சுவரில் மாட்டிய படங்களின் பின்பக்கம், காரை பெயர்ந்த இடங்கள். பார்த்த இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள், மருந்து அடிக்க வேண்டியது அங்கேதான்.

நாய்க்கு இப்போது மாத்திரைகள் வந்திருக்கின்றன. சில மாதம் ஒருமுறை, சில மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கடித்த உண்ணி முட்டையிடுமுன்பே செத்துவிடும். விலை கூடுதல்தான். ஆனால் பாதியில் விட்டுவிட்டு மறுபடி தொடங்குவதைவிட, வீட்டில் உள்ள எல்லா நாய்களுக்கும் ஆறு மாதம் விடாமல் கொடுப்பது சிக்கனம். வலிப்பு வந்த நாய் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், மருந்தை மாற்றித் தருவோம். இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரை வைத்துப் பூசுங்கள், படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுங்கள். சுவருக்கு மருந்தடிக்கும் நாளில் பூனை வீட்டில் இருக்கக்கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்கு ஒத்துக்கொள்ளும், பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. உண்ணி பற்றி நான் இவ்வளவு சொல்வதற்குக் காரணம் அரிப்பு இல்லை ஆச்சி, அது கொண்டுவரும் எர்லிச்சியா காய்ச்சல். நல்ல வெளிச்சத்தில் நாயின் மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். ரோஸ் நிறம் இருந்தால் சரி. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளிறிக் கிடந்தால், மூக்கில் ரத்தம் வந்தால், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. டாக்சிசைக்ளின் மாத்திரை ஏறக்குறைய நாலு வாரம் கொடுப்போம். ஐந்தாம் நாளே நாய் சாப்பிட ஆரம்பித்துவிடும், வீட்டில் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அடுத்த தடவை வரும்போது எலும்பு மஜ்ஜையே வற்றிப்போயிருக்கும். தயவுசெய்து கடைசி மாத்திரை வரை கொடுங்கள்.

கோட்டையூர்: வெயிலுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று நீராகாரத்தில் சின்ன வெங்காயம் நசுக்கிப் போட்டுக் கொடுக்கிறோம். மத்தியானம் வீட்டுக் குழம்புச் சோறு. சரிதானா?

நீராகாரம் சரி, வெங்காயம் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும் வதக்கினாலும் அதேதான். நம் செட்டிநாட்டுக் குழம்பில் இரண்டும் எவ்வளவு போடுகிறோம் என்று உங்களுக்கே தெரியும். சோறு, வேகவைத்த கோழி அல்லது முட்டை, கொஞ்சம் பூசணி என்று மசாலா சேர்க்குமுன் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம். நீர்மோர் கொஞ்சம் தரலாம், உப்பும் மிளகாயும் இல்லாமல். பாயசத்துக்கு வாங்கிய உலர் திராட்சையும் நாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கக்கூடாது, சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அரியக்குடியிலிருந்து ஒரு தம்பி: 50 நாள் குட்டி வாங்கி வந்திருக்கிறேன். பக்கத்து வீட்டுக் குட்டி போன வாரம் ரத்தபேதியில் செத்துப்போச்சு. வாசலில் இரண்டு குட்டிகளும் ஒன்றாகத்தான் விளையாடின. பயமாக இருக்கிறது.

பயப்படுவது நியாயம்தான் தம்பி. அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்றைக்கே குட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், நலமாக இருந்தால் முதல் தடுப்பூசி போட்டுவிடலாம். 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒன்று என 16 வாரம் முடியும் வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்தினால் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கும், அது எப்போது குறையும் என்று குட்டிக்குக் குட்டி மாறும். எல்லா ஊசியும் முடியும் வரை வாசல், தெரு, மற்ற நாய்கள் எதுவும் வேண்டாம்.

பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், செருப்பில் ஒட்டி வீட்டுக்குள் வரும். பினாயில் அதைக் கொல்லாது. திரவ பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, திண்ணையையும் வாசலையும் 10 நிமிடம் நனைய விட்டுக் கழுவுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள்; இப்போதைக்குப் புதுக் குட்டி எடுக்க வேண்டாம். எடுத்தால், எல்லா ஊசியும் முடிந்த குட்டியாக இருக்கட்டும்.

குட்டி சோர்ந்து, சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்தால் பேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். குளுக்கோஸ் ஏற்றி, உடனே வைத்தியம் பார்த்தால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கின்றன. கை வைத்தியம் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் தூக்கி வரும் குட்டிகளைத்தான் காப்பாற்ற முடிவதில்லை. மேசையில் கிடத்தும்போதே தோலைப் பிடித்து இழுத்தால் மடிப்பு அப்படியே நிற்கும், அவ்வளவு தண்ணீர் வற்றியிருக்கும்.

தேவகோட்டை: பொமரேனியனுக்கு முடியை மொட்டையாக எடுத்துவிடலாமா?

வேண்டாம். அந்த அடர்முடி வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாகத்தான் வளரும். தினம் சீவி உதிர்ந்ததை எடுத்தாலே போதும். நடைக்குக் காலை 6 மணி, அப்புறம் இருட்டிய பிறகு. ரோட்டில் புறங்கையை வைத்து 7 நொடி தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

புதுவயல்: பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தது. குழந்தைக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சிரப் கொஞ்சம் ஊற்றினேன். இப்போது முகம் வீங்கியிருக்கிறது.

அம்மா, இதைப் படித்ததும் நேரில் பேசிவிட்டேன், பூனை வந்து சிகிச்சையில் இருக்கிறது. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். பாராசிட்டமாலை உடைக்கத் தேவையான நொதி (என்சைம்) பூனையின் கல்லீரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும். ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடலாம். முறிவு மருந்து உண்டு, சில மணி நேரத்துக்குள் வந்தால்தான் பலன். நாய்க்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் குடலில் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் மறைக்காமல் அட்டையையும் பாட்டிலையும் கையோடு கொண்டுவாருங்கள், யாரும் திட்ட மாட்டோம்.

திருப்பத்தூர்ப் பக்கம்: பால்குடி மறக்காத தெருக்குட்டி என் பையனைக் கீறிவிட்டது. குட்டி கடித்தால் ஒன்றும் ஆகாது என்கிறார்களே அண்ணே?

தவறு. குட்டிக்கும் வெறிநோய் வரும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள், இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். குறித்துக் கொடுக்கும் தேதி ஒன்றையும் விடக்கூடாது. அறிகுறி வந்துவிட்டால் வைத்தியமே கிடையாது. வீட்டு நாய், பூனைக்கு 3 மாதத்தில் முதல் ஊசி, பிறகு வருடாவருடம்.

தேவகோட்டை ரோடு: ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பியதும் எங்கள் லாப்ரடார் குதிக்காமல் இருக்காது. குளிக்க விடலாமா?

அடித்து வரும் புதுத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும். அதில்தான் எலிக்காய்ச்சல் கிருமி. கண்ணும் ஈறும் மஞ்சளாவது, மூத்திரம் அடர் நிறத்தில் போவது, நடக்க முடியாமல் சோர்வது எல்லாம் அறிகுறிகள். மனிதருக்கும் தொற்றும், அந்த நாயின் மூத்திரத்தைக் கையுறை இல்லாமல் துடைக்கக்கூடாது. இதற்கு வருடாந்தரத் தடுப்பூசி உண்டு. முதல் தடவை போடுபவர்களுக்கு 2 ஊசி தேவை, ஆவணி, புரட்டாசியில் முடித்துவிட்டால் மழைக்குத் தயார். நீரைவிட்டு ஏறியதும் காதைத் துடைத்து உலர்த்துங்கள். தொங்கு காதில் ஈரம் தங்கினால் சீழ் வைத்துவிடும்.

ஆத்தங்குடி: மழை விட்டதும் கொல்லையில் பாம்பு வருகிறது. நாய் கடிபட்டால்?

நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். கட்டுப்போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் சேர்த்தே வருகிறது. பாம்பை அடித்துக் கொண்டுவந்து காட்ட வேண்டிய அவசியமில்லை, அந்த நேரத்தையும் வண்டிக்குச் செலவிடுங்கள். வண்டி கிடைக்காத மற்ற அவசரங்களுக்கு 1962 என்ற கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணையும் போனில் சேமித்து வையுங்கள்.

கண்டனூர்: நாய் பூனை இல்லை, பத்துப் பன்னிரண்டு நாட்டுக்கோழி. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து இரண்டு செத்துவிட்டன. மற்றவற்றுக்கு ஊசி போடலாமா?

வெள்ளைக்கழிச்சல் நோய்போல் தெரிகிறது. கழுத்து திருகிக்கொள்கிறதா என்று பாருங்கள். நலமாக உள்ளவற்றை உடனே தனிக் கூண்டில் பிரித்து, கால்நடை மருந்தகத்தில் சொல்லிவிட்டு ஊசி கேளுங்கள். நோய் கண்ட கோழிக்கு ஊசி உதவாது. பிப்ரவரியில் நடக்கும் தடுப்பூசி முகாமை அடுத்த வருடம் விட்டுவிடாதீர்கள். செத்ததை ஊருணிக் கரையில் எறியாமல் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூண்டைத் தொட்ட கையோடு பக்கத்து வீட்டுக் கோழிக்குத் தீனி போடப் போகாதீர்கள்.