45 நாளா, ஒரு வருடமா?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் திருநெல்வேலி சென்று, வண்ணார்பேட்டையில் கண்காணிப்பு கேமரா பொருத்தும் கடையொன்றில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இயற்பியல் பட்டதாரி. சிஸ்கோ நிறுவனம் தரும் நெட்வொர்க் சான்றிதழான சிசிஎன்ஏ தேர்வை எழுதி நெட்வொர்க் வேலைக்கு மாற விரும்புகிறேன். 45 நாளில் முடித்துவிடலாம் என்கிறது ஒரு பயிற்சி நிலையம். சென்னையில் இதே துறையில் இருக்கும் என் அத்தானோ ஒரு வருடமாவது வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பயிற்சி நிலையம் சொல்வது பாடம் நடத்தி முடிக்க ஆகும் காலம். உங்கள் அத்தான் சொல்வது, வேலைக்குப் போய்க்கொண்டே, நடுவில் இரண்டு மூன்று முறை விட்டுவிட்டுப் படித்தவருக்கு ஆகும் காலம். உங்களுக்கு வேண்டிய கணக்கு இரண்டிலும் இல்லை. நாளையும் மாதத்தையும் ஒதுக்கிவிட்டு, மணியை எண்ணுங்கள். துறைக்கு முற்றிலும் புதியவருக்கு 250 முதல் 300 மணி நேரம் தேவைப்படும் என்பது என் மதிப்பீடு. உங்களுக்கு 220 மணி போதும் என்று நினைக்கிறேன்.

ஏன் குறைத்துச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் பாடமாகப் படிப்பதில் ஒரு பகுதி உங்கள் கைக்கு ஏற்கெனவே பழக்கமானது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம் என்று கம்பிகளை வரிசைப்படுத்தி நீங்கள் கிரிம்ப் செய்திருப்பீர்கள். 100 மீட்டரைத் தாண்டிய கேபிளால் வரும் தொல்லையையும் பார்த்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கேமரா திரையில் வராதபோது, உங்கள் லேப்டாப்பின் ஐபி முகவரியை அந்தக் கேமராவின் வரிசைக்கு மாற்றியதும் படம் வந்துவிடும் அல்லவா? அது ஏன் வருகிறது என்ற கேள்விக்கான பதில்தான் சப்நெட்டிங், அதாவது ஐபி முகவரிகளைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் கணக்கு. செய்யத் தெரிந்த ஒன்றுக்குக் காரணம் தேடிப் படிக்கிறவருக்குப் பாடம் சீக்கிரம் பிடிபடும்.

ஓர் எடுத்துக்காட்டு: 192.168.10.77/27 என்ற முகவரி எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? மொத்தமுள்ள 32 பிட்டுகளில் 27 நெட்வொர்க்குக்குப் போய்விட, மீதி 5 பிட்டுகள் ஒவ்வொரு கட்டுக்கும் 32 முகவரிகளைத் தருகின்றன. கட்டுகள் 0, 32, 64, 96 என்று தொடங்குவதால், 77 என்பது 64-இல் தொடங்கும் கட்டுக்குள் விழுகிறது. 64 நெட்வொர்க்கின் முகவரி, 95 அந்தக் கட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி, இடையிலுள்ள 30 மட்டுமே கருவிகளுக்குத் தரத்தக்கவை. இதைத் தாளில்லாமல் அரை நிமிடத்தில் சொல்லும் வரை பழக வேண்டும். அம்பையில் ஏறி, ஆற்றைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் ஐந்து கணக்குகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் செய்யத்தக்க படிப்பு இதுதான். நெரிசலில் நின்றுகொண்டு வீடியோ பார்ப்பதைப் படிப்புக் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

தேர்வின் பாடத்திட்டம் ஆறு பகுதிகளைக் கொண்டது. ஐபி இணைப்பு, அதாவது ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்கு வழிகாட்டும் ரூட்டிங், 25 விழுக்காடு, அடிப்படைகளும் சுவிட்ச் பகுதியும் தலா 20, பாதுகாப்பு 15, ஐபி சேவைகளும் ஆட்டோமேஷனும் தலா 10. உங்கள் நேரத்தையும் ஏறத்தாழ இப்படியே பிரித்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பாதியாவது லேபில், அதாவது செய்முறைப் பயிற்சியில், கழிய வேண்டும். கணினித் திரையிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்க உதவும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் மென்பொருள், அவர்களுடைய நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்தவர்களுக்கு இலவசம். பழைய ரௌட்டர்களை விலைக்கு வாங்கித் தரச் சொல்லி வீட்டாரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இரண்டு சுவிட்சுகளை இணைத்து, இருபுறமும் வீலேன் (சுவிட்சுகளுக்குள் தனியாகப் பிரித்துவைக்கும் நெட்வொர்க்) 20-இல் ஒவ்வொரு கணினியை வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு அனுப்பும் சோதனைச் செய்தியான பிங் போகும். பிறகு ஒரு சுவிட்சின் ட்ரங்க் போர்ட்டில் (பல வீலேன்களை அடுத்த சுவிட்சுக்குக் கடத்தும் வாயில்) அந்த வீலேனுக்கு மட்டும் அனுமதியை நீக்கிவிட்டு, பிங் நின்றுபோன காரணத்தை சுவிட்சின் நிலையைக் காட்டும் ‘ஷோ’ கட்டளைகளை மட்டும் கொண்டு கண்டுபிடியுங்கள். நீங்களே கெடுத்து நீங்களே சரிசெய்த கோளாறு மறக்காது.

இனி உங்கள் வாரக் கணக்கு. ரயிலில் ஒரு மணி, இரவில் லேப்டாப் முன் ஒரு மணி என ஆறு நாளுக்கு 12 மணி; ஞாயிறு 3 மணி. வாரத்துக்கு 15 மணி வீதம் 220 மணி என்பது பதினைந்து வாரம். ஆனித் தேரோட்டமும், தீபாவளிக்கு முன் கடையில் குவியும் வேலையும், வீட்டுக் கல்யாணங்களும் சில வாரங்களைத் தின்றுவிடும் என்பதால் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்கு இழுத்தால், முதல் மாதம் படித்தது ஏழாம் மாதம் நினைவில் இராது.

பயிற்சி நிலையத்தில் சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. ‘டம்ப்ஸ்’ என்ற பெயரில் வினாத்தாளை மனப்பாடம் செய்ய வைக்கும் இடமாக இருந்தால் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள். அது தேர்வு விதிகளுக்குப் புறம்பானது; அப்படிப் பெற்ற சான்றிதழ் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம்கூடத் தாங்காது. சிசிஎன்ஏவுக்குக் கீழே சிசிஎஸ்டி என்ற தொடக்கநிலைச் சான்றிதழும் உண்டு. உங்கள் அனுபவத்துக்கு அது வேண்டாம்.

கட்டணம் 300 டாலர், வரி தனி. தோற்றால் மீண்டும் முழுப் பணம். ஆகவே தேதியை இப்போதே குறிக்காமல், நான்காம் மாத முடிவில் மாதிரித் தேர்வுகள் இரண்டில், அதுவரை பாராத கேள்விகளுக்கு 85 விழுக்காடு எடுத்த பிறகு குறியுங்கள். தேர்வு 120 நிமிடம். விடையளித்த கேள்விக்குத் திரும்பிச் செல்ல முடியாது என்பதால், மாதிரித் தேர்வையும் அப்படியே எழுதிப் பழகுங்கள். வீட்டிலிருந்தே எழுதவும் வசதி உண்டு. அப்படிச் செய்வதானால், உங்கள் பகுதியில் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.