தடுப்பூசி போட்ட கன்றுக்கும் கோமாரி வந்தது ஏன்?

கேள்வி: என் கிடேரிக் கன்றுக்கு இரண்டு மாதத்திலேயே கோமாரித் தடுப்பூசி போட்டேன். தாய்ப்பசுவுக்கும் சினையில் போட்டிருந்தேன். அப்படியும் ஐந்தாம் மாதத்தில் கன்றுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வந்துவிட்டது. மருந்து சரியில்லையா?

பதில்: குளிர்ச்சி தவறி மருந்து வீணாவதும் உண்டு. ஆனால் தாங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஊசி போட்ட வயதையே நான் முதலில் சந்தேகிப்பேன்.

எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் பி செல் என்னும் வெள்ளையணு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஏறத்தாழ 1 லட்சம் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமியைப் பற்றும் புரதங்கள், பதிந்திருக்கும். ஒரே செல்லில் இருப்பவை யாவும் ஒரே வடிவம், செல்லுக்குச் செல் அவ்வடிவம் வேறு. தடுப்பூசியிலுள்ள செயலிழந்த வைரஸ் துகள் தனக்குப் பொருந்தும் எதிர்ப்பொருளில் சிக்கியதும், அந்த பி செல் அதை உள்ளிழுத்துத் துண்டாக்கி, அத்துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்தி, உதவி டி செல் என்னும் மற்றொரு வெள்ளையணுவுக்குக் காட்டுகிறது. டி செல் அதை அடையாளம் கண்டு தூண்டுதல் தந்தால்தான் பி செல் நன்றாகப் பெருகி, எதிர்ப்பொருளைச் சுரக்கும் செல்களாகவும், அதே கிருமி மறுபடி வந்தால் விரைந்து செயல்படும் நினைவுச் செல்களாகவும் மாறும்.

தங்கள் கன்றில் இந்த முதல் பிடிப்பே தடைபட்டிருக்கலாம். பசுவின் நஞ்சுக்கொடி வழியே எதிர்ப்பொருள் கருவுக்குச் செல்வதில்லை, சீம்பாலில்தான் கிடைக்கிறது. அப்படி வந்த தாயின் எதிர்ப்பொருள் கன்றின் இரத்தத்தில் சில மாதங்கள் இருந்து, ஊசியில் வரும் துகள்களை முந்திக்கொண்டு மூடிவிடுகிறது. அதோடு நில்லாமல், துகளைப் பற்றிய அந்த எதிர்ப்பொருளின் வால்பகுதி பி செல்லின் மேலுள்ள தடை ஏற்பியில் பொருந்தி, விழிக்க வேண்டிய செல்லை அடக்கியும் விடுகிறது. இதற்காகச் சீம்பாலைக் குறைத்துவிடாதீர்கள். பிறந்த முதல் சில மணி நேரத்தில் அது கிடைக்காத கன்று வேறு நோய்களுக்கு எளிதில் பலியாகும்.

எனவே தடுப்பூசி போட்ட பசுவின் கன்றுக்கு 4 மாத வயதில் முதல் ஊசியும், ஒரு மாதம் கழித்து மறு ஊசியும், பின்னர் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் போடுவது வழக்கம். முதல் ஊசியில் உருவான நினைவுச் செல்களின் எதிர்ப்பொருள்கள் வைரஸை இன்னும் இறுக்கமாகப் பற்றுபவை என்பதால், மறு ஊசியைத் தவறவிட்டால் பாதிப் பலனே போய்விடும். கோமாரி வைரஸில் 7 வகைகள் உண்டு. ஒன்றுக்கு உண்டான எதிர்ப்பு மற்றொன்றைத் தடுக்காது. ஆகவே நோய்வாய்ப்பட்ட கன்றைத் தனியே கட்டி, புண்ணிலிருந்து மாதிரி எடுத்து வைரஸ் வகையைக் கண்டறியுமாறு கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இக்கன்றுக்கு அடுத்த ஊசி எப்போது என்பதை அது முழுதாகத் தேறிய பின் அவரே முடிவு செய்யட்டும்.