கூட்டம் குறையாத மும்பையில் குடியிருப்போர் குறைந்தது எப்படி?

கேள்வி: 2011 கணக்கெடுப்பில் மும்பை நகர மாவட்டத்தின் மக்கள்தொகை குறைந்துவிட்டதாகப் படித்தேன். அந்த மாவட்டத்திலுள்ள சர்ச்கேட் ரயில் நிலையத்தில் காலை வேளையில் கால் வைக்க இடமில்லை என்கிறார்களே, இரண்டும் எப்படிப் பொருந்தும்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இரண்டும் உண்மையே. கணக்கெடுப்பில் பதிவாவது ஒருவர் குடியிருக்கும் இடம். அவர் வேலை பார்க்கும் இடம் அன்று. கொலாபாவிலிருந்து மாஹிம், சயான் வரை நீளும் பழைய தீவுப் பகுதிதான் மும்பை நகர மாவட்டம். அங்கே 2001இல் 33.38 லட்சம் பேர் இருந்தனர், 2011இல் 30.85 லட்சம் பேர்தான். பாந்த்ரா தொடங்கி தகிசர், முலுண்டு வரையுள்ள புறநகர் மாவட்டமோ அதே பத்தாண்டில் 86.4 லட்சத்திலிருந்து 93.57 லட்சமானது. அதுகூடப் பெரிய உயர்வு இல்லை. அதற்கும் அப்பாலுள்ள அன்றைய தாணே மாவட்டம் 81 லட்சத்திலிருந்து 1.10 கோடியைத் தாண்டியது. பெருக்கம் போய்ச் சேர்ந்த இடம் அதுதான்.

தீவுப் பகுதியில் 1971இலும் ஏறத்தாழ 30.7 லட்சம் பேரே இருந்தனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அது நிரம்பி வெகுகாலமாகிவிட்டது என்பது விளங்கும். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பதால், ஊர் வடக்கு நோக்கி மட்டுமே வளர முடியும். ஆனால் இடநெருக்கடி மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. தீவின் லால்பாக், பரேல் பகுதிகளில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் குடியிருந்த 'சால்' என்னும் வரிசைக் குடியிருப்புகளில், ஒரே அறையில் ஒரு குடும்பமே வாழும். தனியாக வந்த ஆண்கள் பலர் சேர்ந்து ஒரு அறையை எடுத்து, ஆலையின் ஷிப்டுக்கு ஏற்ப மாறி மாறித் தூங்குவார்கள். 1982இல் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய, சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. லோயர் பரேலின் பீனிக்ஸ் ஆலை இன்று வணிக வளாகம். பழைய புகைபோக்கி மட்டும் நிற்கிறது. ஆலை நிலங்களில் எழுந்த அடுக்கு மாடிகளில் குடியேறியவர்கள் வசதி படைத்த சிறிய குடும்பத்தினர். ஆக, கட்டடம் உயர்ந்தது, தலைக்கணக்கு உயரவில்லை. தொழிலாளியின் பிள்ளைகள் அன்றைய தாணே மாவட்டத்தைச் சேர்ந்த டோம்பிவிலியிலோ விராரிலோ வீடு வாங்கிக்கொண்டு, காலையில் தெற்கே வரும் அதே ரயிலில்தான் நெருக்கியடிக்கிறார்கள்.

கேள்வி: அப்படியானால் தாராவி, மாட்டுங்கா தமிழர்களும் இடம் பெயர்ந்துவிட்டார்களா?
– அதே வாசகி

பதில்: மாட்டுங்காவைப் பொறுத்தவரை, பெரும்பாலும் ஆம். அலுவலக வேலைக்கு வந்தவர்களின் அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்டு, நவி மும்பை என்று போய்விட்டது. கோயிலும் பூக்கடையும் உணவகமும் இருப்பதால் தெரு இன்னும் தமிழ்த் தெருவாகத் தெரிகிறது.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர்களின் வழியினர் தாராவியில் இன்னும் கணிசமாக வாழ்கின்றனர். ஆனால், அங்கே நடக்கவிருக்கும் மறுசீரமைப்பில் 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதை நிரூபிப்பவர்களுக்கே தாராவிக்குள் இலவச வீடு. பின்னால் வந்தவர்களுக்கும் மேல்தளக் குடியினருக்கும் வெளியேதான் இடம். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய்விட்டதால், இந்தப் பெயர்ச்சி முழுமையாகப் பதிவாக அடுத்தடுத்த கணக்கெடுப்புகள் வரை காத்திருக்க வேண்டும்.