கேள்வி பதில்: மன்னனுக்காக வாதாடிய மன்னராட்சி எதிரி

சென்ற இதழில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எழுதும்போது, அமெரிக்க விடுதலைக்கும் பிரெஞ்சுப் புரட்சிக்கும் குரல் கொடுத்த ஆங்கில எழுத்தாளர் தாமஸ் பெயினை ஒரே வரியில் கடந்துவிட்டேன். வாசகர்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் நான்கிற்கு இங்கே பதில் சொல்கிறேன்.

"அரசாங்கம் என்பதே தீமை" என்றாராமே பெயின்? அப்படியானால் ஏழைகளுக்கு உதவ அரசு எதற்கு? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பாதி வரியை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். 1776 ஜனவரியில் பிலடெல்ஃபியாவில் வெளியான 'காமன் சென்ஸ்' என்ற சிறு நூலில், சமுதாயம் நம் தேவைகளால் பிறந்தது, அரசாங்கம் நம் தீய குணங்களால் பிறந்தது, மிகச் சிறந்த அரசும்கூடத் தவிர்க்க முடியாத ஒரு தீமைதான் என்றார். அரசே கூடாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. பிறப்பால் வருகிற அதிகாரம் கூடாது என்றார். அமெரிக்காவில் சட்டமே மன்னன் என்றும் எழுதினார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, 1792இல் வந்த 'மனித உரிமைகள்' இரண்டாம் பகுதியைப் படியுங்கள். ஏழை முதியவருக்கு 50 வயது முதல் ஆண்டுக்கு 6 பவுண்டு, 60 வயதுக்குப் பின் 10 பவுண்டு. ஏழை வீட்டில் 14 வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 4 பவுண்டு, அந்தப் பிள்ளையைப் படிக்க அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. வரவு செலவுக் கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறார். முதியவருக்குத் தருவது தருமம் அல்ல, உரிமை என்பது அவர் வாதம். இங்கிலாந்தில் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளத்தில் கலால் ஊழியராக இருந்தவர். வறுமையை ஏட்டில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர்.

முப்பது ஆண்டுகள் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த நூலின் முதல் பகுதி 3 ஷில்லிங் விலையில் விற்றபோது அரசு வழக்குப் போடவில்லை. 6 பென்ஸ், அதாவது அரை ஷில்லிங், மலிவுப் பதிப்பு தொழிலாளர் கைக்குப் போன பிறகுதான் அஞ்சியது. முதல் பகுதி விவரமறிந்தவர்களிடம் மட்டும் போகும் என்று விட்டுவிட்டதாக அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் சொன்னார். 1792 டிசம்பரில், பெயின் பிரான்சில் இருந்தபோதே, இரண்டாம் பகுதிக்காகத் தொடுத்த வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று.

மன்னராட்சியை அவ்வளவு வெறுத்தவர் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைக் காப்பாற்ற ஏன் முயன்றார்? பயமா? (ஆசிரியை, மன்னார்குடி)

பயந்தவர் அந்த மன்றத்தில் வாயே திறந்திருக்க மாட்டார், அம்மா. 1793 ஜனவரியில் பாரிஸ் எப்படிக் கொதித்துக்கொண்டிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பிரெஞ்சு பேசத் தெரியாத பெயினைப் பிரெஞ்சு மக்கள் தங்கள் தேசிய மன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் மேடையில் நிற்க, இன்னொருவர் அவர் உரையைப் பிரெஞ்சில் வாசித்தார். லூயியைக் கொல்ல வேண்டாம், சிறையில் வைத்துப் போர் முடிந்ததும் அமெரிக்காவுக்கு நாடு கடத்துங்கள் என்றார். அமெரிக்க விடுதலைப் போருக்கு லூயி செய்த உதவியையும் நினைவூட்டினார். 1781இல் அந்த உதவிப் பணத்தைக் கொண்டுவரப் பிரான்சுக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். பெயின் குவேக்கர் சமயத்தார், மரண தண்டனைக்கு எதிரான கூட்டம், அவருக்கு இதில் வாக்களிக்கத் தகுதியில்லை என்று புரட்சித் தலைவர்களில் ஒருவரான மரா குறுக்கே கத்தினார். ஜனவரி 21 அன்று லூயியின் தலை விழுந்தது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பெயினும் பாரிசின் லக்சம்பர்க் சிறையில் இருந்தார். தலை வெட்டும் கருவியான கில்லட்டினுக்குப் போகிறவர்களின் அறைக் கதவில் சுண்ணக்கட்டியால் எண் எழுதும் வழக்கம். பெயினுக்குக் கடும் காய்ச்சல். காற்றுக்காகக் கதவை வெளிப்புறமாகச் சாய்த்துத் திறந்து வைத்திருந்தார்கள். எழுதியவர் உட்பக்கத்தில் எழுதிவிட்டுப் போனார். இரவில் கதவை மூடியதும் எண் உள்ளே போய்விட்டது, அழைத்துப் போக வந்தவர்கள் கண்ணில் படவில்லை, பெயின் தப்பினார். இதைப் பெயினே பின்னாளில் எழுதியிருக்கிறார். 1794 நவம்பரில்தான் விடுதலை.

வெளியே வந்தவர் மறு ஆண்டே எழுதினார்: தன் சுதந்திரத்தைக் காத்துக்கொள்ள விரும்புகிறவன் தன் எதிரியையும் ஒடுக்குமுறையிலிருந்து காக்க வேண்டும், தவறினால் அந்த முன்னுதாரணம் அவனையே வந்து சேரும். லூயிக்காக வாதாடியபோது அவர் மனத்தில் இருந்ததும் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவர் நாத்திகரா? (வாசகர், ஈரோடு)

இல்லை. 'பகுத்தறிவு யுகம்' நூலின் தொடக்கத்திலேயே ஒரே கடவுளை நம்புகிறேன் என்கிறார். வேதநூல்களையும் குருமார் அமைப்பையும்தான் மறுத்தார். என் மனமே என் தேவாலயம் என்றார். அதற்கே அமெரிக்கா அவரை ஒதுக்கியது. 1806இல் நியூ ரோஷலில் வாக்களிக்கப் போனவரை, நீர் அமெரிக்கக் குடிமகனே அல்ல என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நாட்டை விடுதலை கேட்கத் தூண்டியவரை! 1809இல் நியூயார்க்கில் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

இந்தியாவில் அவரை யாராவது படித்தார்களா? (வாசகி, சேலம்)

மராட்டியச் சமூக சீர்திருத்தவாதி ஜோதிராவ் பூலே படித்தார். 1847 வாக்கில், இருபது வயதில், 'மனித உரிமைகள்' அவர் கைக்குக் கிடைத்தது. மறு ஆண்டு பூனாவில் பெண் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் திறந்தார்.