அந்தரத்தில் ஒரு உலோகத் துளி: கேள்வி பதில்

கேள்வி: உருகிய உலோகத்தின் வெப்பப் பண்புகளை அளக்க விண்வெளிக்கா போகவேண்டும்? மூசையில் (உலோகம் உருக்கும் கிண்ணத்தில்) உருக்கி அளந்தால் ஆகாதா?

ஈயம், வெள்ளீயம் என்றால் தாராளமாக ஆகும். டைட்டானியம் உருகுவது 1668 டிகிரி செல்சியஸில். அந்தச் சூட்டில் அது மூசையையே தின்னும். அலுமினா மூசை என்றால் அதிலுள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். அப்புறம் நீங்கள் அளப்பது டைட்டானியத்தை அல்ல.

கேள்வி: மூசை இல்லாமல், உருகிய துளியைக் காந்தப்புலத்தில் மிதக்கவிடுவதைத் தரையிலேயே செய்யலாமே?

செய்கிறார்கள். ஆனால் எடையைத் தாங்குகிற அளவு வலுவான புலம் துளிக்குள் சுழல் மின்னோட்டத்தையும் கிளப்பிக் காய்ச்சிவிடும். ஆறவைக்கவேண்டும் என்றால் வாயு ஊதவேண்டும். துளி உருண்டையாகவும் நிற்காது, உள்ளே ஒரே கொந்தளிப்பு. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2014-இல் போன மின்காந்த மிதப்பு உலையில் துளியை நிறுத்த ஒரு புலம், சூடாக்க இன்னொன்று. சூட்டை அணைத்தாலும் துளி இடத்தை விட்டு நகராது. என்னைக் கேட்டால் விண்வெளிக்குப் போவதன் முழுப் பலனும் இதுதான்.

கேள்வி: அங்கே ஈர்ப்பே கிடையாதா?

உண்டு, தரையில் உள்ளதில் சுமார் 90 சதவீதம். நிலையமும் துளியும் சேர்ந்தே விழுவதால் எடை தெரிவதில்லை.

கேள்வி: தொடாமல் எதை, எப்படி அளக்கிறார்கள்?

துளி ஏழு மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். சூடாக்கும் புலத்தால் ஒரு தட்டு தட்டினால் நீண்டும் சப்பையாகியும் துடிக்கும். இரும்பு போன்ற உலோகம் என்றால் விநாடிக்கு முப்பது முறை போல. கேமரா அதைப் பிடிக்கும். துடிப்பின் வேகம் பரப்பு இழுவிசையைச் சொல்லும், அது அடங்க எடுக்கும் நேரம் பாகுத்தன்மையைச் சொல்லும்.

வெப்ப ஏற்புத்திறனுக்கு வேறு வழி. சூடாக்கும் திறனை அலைபோல ஏற்றி இறக்கி, வெப்பநிலை எவ்வளவு ஆடுகிறது என்று பைரோமீட்டரில், அதாவது தொடாமல் கதிர்வீச்சை வைத்தே வெப்பநிலை சொல்லும் கருவியில், பார்ப்பார்கள். வெற்றிடத்தில் வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வெளியேறும், கணக்கு சுத்தமாக இருக்கும்.

கேள்வி: வெப்பக் கடத்துத்திறன்?

அதுதான் முரண்டு பிடிக்கும். ஈர்ப்பு போனாலும் துளிக்குள் ஓட்டம் நிற்காது: சூடான இடத்திலும் ஆறிய இடத்திலும் பரப்பு இழுவிசை வேறுபடும், அதுவே திரவத்தை இழுக்கும். புலத்தை உண்டாக்கும் கம்பிச் சுருளின் காந்தப்புலமும் துளியைக் கலக்கும். இந்த ஓட்டமும் வெப்பத்தைச் சுமப்பதால் கடத்தலை மட்டும் பிரித்து அளப்பது கஷ்டம். அதனால் மின்தடைமையை அளந்து, மின்கடத்துத்திறனையும் வெப்பக் கடத்துத்திறனையும் இணைக்கும் வீட்மன்–ஃபிரான்ஸ் விதிப்படி கணக்கிடுவது வழக்கம். உலோகத்தில் மின்சாரத்தையும் பெரும்பகுதி வெப்பத்தையும் சுமப்பது அதே எலெக்ட்ரான்கள்தானே.

கேள்வி: பரவளையப் பாதையில் ஏறி இறங்கும் விமானத்தில் எடை தெரியாமல் கிடைக்கும் 20 விநாடி போதாதா?

பரப்பு இழுவிசைக்குச் சமாளிக்கலாம். வெப்ப ஏற்புத்திறனுக்குப் போதாது. ஒவ்வொரு வெப்பநிலையிலும் துளி நிலைப்படக் காத்திருக்கவேண்டும்.

கேள்வி: துளி ஆவியாகிக் குறைந்துவிடாதா?

குறையும். உலோகக் கலவையில் மாங்கனீசு இருந்தால் முதலில் கிளம்புவது அதுதான். போய்ச் சுருளில் படியும். அதனால் துளியின் எடையை முன்னும் பின்னும் பார்க்காமல் எந்த எண்ணையும் ஏற்காதீர்கள்.